விழக் கூடாது என்பதற்காக எங்களை உட்கார வைக்காதீர்கள்: முதியோர் இல்ல நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

போன மாதம் 9-ஆம் தேதி காலை, மாடிப்படியின் அடியில் கம்பிக் கதவு போட்டுப் பூட்டினீர்கள். மதியம் நோட்டீஸ் போர்டில் சுற்றறிக்கை ஒட்டினார்கள். இங்கே குடியிருப்பவர்கள் இனி படி ஏறக் கூடாது, லிஃப்டில்தான் போக வேண்டும். தோட்டத்துக்கு உதவியாளர் இல்லாமல் போகக் கூடாது. போனாலும் வீல்சேரில், மாலையில் அரை மணி நேரம் மட்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, துணி மடிப்பது, மேசை துடைப்பது போன்ற வேலைகளை யாரும் செய்ய வேண்டாம். சாப்பாடு அவரவர் அறைக்கே வந்துவிடும். கடைசி வரி, "இவை அனைத்தும் உங்கள் பாதுகாப்புக்காகவே."

எனக்கு வயது 77. நான்கு வருடமாக இங்கே முதல் மாடியில் இருக்கிறேன். அதற்கு முன் 34 வருடம் மருத்துவமனைகளில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்தேன். பெரும்பாலும் எலும்பு முறிவு வார்டிலும் முதியோர் வார்டிலும். விழுந்தவர்களை எழுப்பி நடக்க வைத்ததுதான் என் பிழைப்பு. சுற்றறிக்கை வந்த மறுநாளே மேலாளரிடம் நேரில் பேசினேன். அடுத்த வாரம் எழுத்தில் கொடுத்தேன். "குழு பரிசீலிக்கும்" என்ற பதில் இரண்டு தடவையும் வந்தது. ஆறு வாரம் ஓடிவிட்டது. இந்த ஆறு வாரத்தில் என் கண் முன்னே நடந்ததைப் பார்த்துக்கொண்டு இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் குடும்பத்தாரும் ஊழியர்களும் படிக்கும்படி இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

இரண்டாம் மாடி அக்கா விழுந்ததுதான் இதற்கெல்லாம் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அன்று சத்தம் கேட்டு முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். இரவு பத்தரை மணி. மணிக்கட்டு உடைந்திருந்தது. துண்டை மடித்துக் கையைத் தூக்கிக் கட்டிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை நாற்பது நிமிடம் அதே படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போது கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். படி திரும்பும் இடத்தில் விளக்கு எரியவில்லை. அந்த விளக்கு எரியவில்லை என்று புகார் நோட்டில் மூன்று வாரத்துக்கு முன்பே எழுதியிருக்கிறது. எழுதியது என் கைதான். சுவரில் உள்ள கைப்பிடி கடைசிப் படிவரை வரவில்லை. இரண்டு படிக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. கைப்பிடியைத் தடவிக்கொண்டே இறங்குகிற ஒருவருக்கு, கை வெறுங்காற்றைப் பிடித்ததும் தரை வந்துவிட்டது என்று தோன்றும். அக்கா அந்த இடத்தில்தான் விழுந்தார். அவர் காலில் பின்பக்கம் பிடிப்பில்லாத, அடி தேய்ந்து வழவழப்பான செருப்பு. "தலை கிறுகிறுன்னு இருந்துச்சு, அஞ்சு நாளா இப்படித்தான் இருக்கு" என்றார். ஐந்து நாளுக்கு முன்புதான் அவருக்குப் புதிதாகத் தூக்க மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். வயதானவர்களுக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் விழும் ஆபத்து கூடும் என்பது மருத்துவத்தில் பழைய பாடம். அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் 1991-லேயே, வயதானவர்களுக்கு எந்தெந்த மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். இன்றுவரை அதைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். இந்த வகைத் தூக்க மாத்திரைகள் அதில் இருக்கின்றன.

விளக்கு, கைப்பிடி, செருப்பு, மாத்திரை. இந்த நான்கையும் பற்றி யாரும் அக்காவிடமோ என்னிடமோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. படியைப் பூட்டினீர்கள். இதை எழுதுகிற இன்றும் கைப்பிடி அதே இடத்தில்தான் நிற்கிறது. கம்பிக் கதவின் இடைவெளி வழியாகப் பார்த்தால் தெரியும்.

யாராவது விழுந்தால் அது பதிவேட்டில் ஏறுகிறது. தேதி, நேரம், காயம், யாருக்குத் தகவல் கொடுத்தார்கள் என்று தனித்தனிக் கட்டம் இருக்கிறது. ஒருவர் ஆறு வாரம் உட்கார்ந்தே இருந்து தொடை வற்றிப்போனால் அதை எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை. நீங்கள் பதிவேட்டைப் பார்த்து முடிவெடுத்தீர்கள். நான் தொடைகளைப் பார்த்து இதை எழுதுகிறேன்.

2007-இல் அமெரிக்காவில் ஒரு சிறிய பரிசோதனை செய்தார்கள். எந்த நோயும் இல்லாத, சராசரி வயது 67 ஆன 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். பத்தே நாளில் அவர்களுடைய கால்களில் இருந்த தசை ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்திருந்தது. நோயும் இல்லை, அறுவை சிகிச்சையும் இல்லை. படுத்திருந்தது ஒன்றுதான் காரணம். வார்டில் இதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். இடுப்பு எலும்பு சேர்ந்துவிடும், ஆனால் ஆள் எழுந்திருக்க மாட்டார். இளம் வயதில் போன தசை சில வாரத்தில் திரும்பி வந்துவிடும். எழுபது, எண்பதில் அது வர நாளாகும், முழுதாக வரும் என்ற உறுதியும் கிடையாது.

எங்கள் மாடியில் ஒன்பது பேருக்கு நான் ஒரு சோதனை எடுத்து நோட்டில் எழுதி வைப்பது வழக்கம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பேன். 15 வினாடிக்கு மேல் போனால் தசை பலம் குறைந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும் என்று ஐரோப்பிய நிபுணர் குழு ஒன்று 2019-இல் வெளியிட்ட வரையறை சொல்கிறது. சுற்றறிக்கைக்கு முந்தைய வாரம் எடுத்த கணக்கு என்னிடம் இருக்கிறது. சென்ற வாரம் மறுபடி எடுத்தேன். 12 வினாடியில் முடித்தவருக்கு 17 ஆகிறது. 14-இல் இருந்தவர் 20-க்குப் போய்விட்டார். இரண்டு பேரால் கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை. அவர்களில் ஒருவர் போன மாதம்வரை தினமும் இரண்டு தடவை படி ஏறியவர். எழப் பார்த்தார், பாதி தூரம் வந்தார், தொடை நடுங்கியது, மெல்ல உட்கார்ந்துவிட்டார். "இன்னிக்கு என்னமோ முடியல, நாளைக்குப் பாக்கலாம்மா" என்றார். நாளை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசிக்கொள்ளவில்லை.

விழுவதைத் தடுக்க வேண்டும் என்ற உங்கள் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. அந்த நோக்கத்துக்கே இந்தச் சுற்றறிக்கை எதிராகப் போகிறது என்கிறேன். வலுவிழந்த காலும் பழக்கம் விட்டுப்போன சமநிலையும்தான் ஆளைக் கீழே தள்ளுகின்றன. 2019-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, தங்கள் வீடுகளில் வாழும் முதியவர்களிடம் நடந்த 108 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 23,000-க்கும் மேற்பட்டவர்கள். உடற்பயிற்சி செய்தவர்களிடம் விழும் எண்ணிக்கை 23 சதவீதம் குறைந்திருந்தது. சமநிலையையும் அன்றாட அசைவுகளையும் பழக்கும் பயிற்சிகளுக்குத்தான் அதில் மிக உறுதியான சான்று. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது ஓரளவு மூச்சு வாங்கும்படி உடலை அசைக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை பலத்துக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. விழாமல் இருப்பதற்காகத்தான் இதைச் சொல்கிறார்கள். படி ஏறுவது எங்களுக்கு அந்தப் பயிற்சியாகத்தான் இருந்தது. தனியாக ஒரு கருவியோ ஆளோ இல்லாமல், தினமும், யாரும் நினைவுபடுத்தாமலே நடந்துகொண்டிருந்த பயிற்சி.

"அவங்களுக்கு 90 வயசாச்சு, இனிமே என்ன பயிற்சி?" என்று குழுவில் ஒருவர் கேட்டதாகக் காதுக்கு வந்தது. அவருக்காகவே இதை எழுதுகிறேன். 1990-இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவர் குழுவும், முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 86 முதல் 96 வரை. எட்டு வாரம் காலுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பெயருக்கு அல்ல, நன்றாக மூச்சு முட்டும் அளவுக்கு. முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். அதே குழு நான்கு வருடம் கழித்து, சராசரி வயது 87 ஆன நூறு பேரிடம் இதைச் செய்து காட்டியது; பயிற்சி செய்தவர்களின் பலம் இரு மடங்குக்கு மேல் ஆனது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. எண்பதைத் தாண்டியவர்களுக்கு "லேசாகக் கை காலை அசைக்கச் சொல்லுங்கள், போதும்" என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஆய்வைப் படித்த பிறகு, அதற்கு முன் நான் அரைகுறையாக விட்டுவிட்ட எத்தனையோ முகங்கள் நினைவுக்கு வந்தன. அந்தத் தப்பை இன்னொரு தடவை, அதுவும் நான் வாழும் இடத்திலேயே, நடக்க விடக் கூடாது என்று நினைக்கிறேன்.

கால் பற்றி இவ்வளவு எழுதினேன், அது என் தொழில். ஆனால் இந்த ஆறு வாரத்தில் என்னை அதிகம் உலுக்கியது ஒரு பூவாளி.

பின்பக்க வராந்தாவிலும் தோட்டத்து ஓரத்திலும் 42 தொட்டிகள் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றி வந்தது என் அறைக்கு எதிர் அறை அண்ணன். வயது 84. காலை ஐந்தரைக்கு எழுந்து, முகம் கழுவி, பச்சை நிறப் பூவாளியை எடுத்துக்கொண்டு கீழே போய்விடுவார். பூவாளியை முழுதாக நிரப்ப மாட்டார், பாதிதான். தூக்க முடியாது என்பதால் இல்லை. பாதி நிரப்பினால் குழாய்க்கும் தொட்டிக்குமாக இன்னும் நாலு நடை கூடும் என்று கணக்கு வைத்திருந்தார். எந்தத் தொட்டி வெயிலில் இருக்கிறது, எதில் மொட்டு விட்டிருக்கிறது, எதில் மண் இறுகிவிட்டது என்றெல்லாம் சாப்பாட்டு மேசையில் சொல்லுவார். அவர் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த முதல் மாதங்களில் அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பியது அந்தத் தொட்டிகள்தான் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

சுற்றறிக்கை வந்த மறுநாள் ஒரு உதவியாளர் ரப்பர் குழாயைப் பிடித்து எல்லாத் தொட்டிக்கும் பத்தே நிமிடத்தில் தண்ணீர் அடித்துவிட்டுப் போனார். அண்ணன் ஜன்னலில் நின்று பார்த்தார். இப்போது அவர் எட்டு மணிக்கு எழுகிறார், சில நாள் ஒன்பது. முகச் சவரம் செய்வதை நிறுத்திவிட்டார். போன செவ்வாய்க்கிழமை "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். இதுவரை அவர் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. எந்தச் செடிக்கு எந்தக் கிழமை உரம் போட்டது என்று எங்களுக்குச் சொல்பவர் அவர். பூவாளி அவர் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அவர் அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதும்மா, யாராவது படிக்கட்டும்" என்றார்.

இந்த விஷயத்திலும் ஆராய்ச்சி இல்லாமல் இல்லை. 1976-இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு மாடிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறை, உங்கள் நேரம், உங்கள் பொறுப்பு என்றார்கள். ஆளுக்கொரு செடி வேண்டுமா என்று கேட்டு, வேண்டும் என்றவர்களிடம் பிடித்த செடியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதை அவர்களே வளர்க்க விட்டார்கள். இன்னொரு மாடிக்கும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணீர் ஊற்றியது நர்ஸ்கள். உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு என்றார்கள். மூன்று வாரத்தில், பொறுப்பைக் கையில் கொடுத்த மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்போடும் சந்தோஷத்தோடும் இருந்தார்கள். அந்த மாடியில் இறந்தவர்கள் குறைவு என்று ஆய்வின் தொடர்ச்சியில் சொன்ன கணக்குக்குப் பின்னால் திருத்தம் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். அதை நான் சாட்சிக்கு இழுக்கவில்லை. செடி இரண்டு மாடியிலும் இருந்தது, பொறுப்பு ஒரு மாடியில் மட்டும் இருந்தது என்பதை மட்டும் கவனியுங்கள். எங்கள் இல்லத்தில் சுற்றறிக்கைக்கு முன்பும் பின்பும் அதே 42 தொட்டிகள்தான்.

1991-இல் நியூயார்க் மாநிலத்தில் நியூ பெர்லின் என்ற சிற்றூரில், முதியோர் இல்ல டாக்டராகச் சேர்ந்த பில் தாமஸ், அங்கிருப்பவர்களை வாட்டுகிற மூன்று கொடுமைகள் என்று தனிமையையும், சலிப்பையும், யாருக்கும் எதுவும் செய்ய முடியாத கையறு நிலையையும் சொன்னார். அவர் அந்த இல்லத்துக்குள் நாய்களையும் பூனைகளையும் நூறு பறவைகளையும் கொண்டுவந்தார். நான் நூறு பறவை கேட்கவில்லை. ஒரு மனிதரிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒரு பூவாளியின் வேலையைத் திரும்பக் கேட்கிறேன்.

அடுத்து சாப்பாட்டு அறை. அறைக்கே தட்டு வருவது வசதி என்று நினைத்தீர்கள் போலிருக்கிறது. ஒரு நாளில் மூன்று தடவை நாங்கள் தலை வாரி, நல்ல உடை போட்டு, வராந்தாவில் ஐம்பது அறுபது அடி நடந்து, பத்துப் பதினைந்து பேரோடு உட்கார்ந்து பேச வைத்தது அந்த மேசைதான். இப்போது தட்டுகள் திரும்பிப் போவதைக் கவனித்திருக்கிறீர்களா? நான் கவனிக்கிறேன், ஏனென்றால் தள்ளுவண்டி என் கதவுக்கு வெளியேதான் நிற்கும். பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும் தட்டுகளே அதிகம். வயதாக ஆக தசை கரையாமல் இருக்கப் புரதம் கூடுதலாக வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம்வரை என்று 2013-இல் ஒரு நிபுணர் குழு பரிந்துரைத்தது. தட்டில் அது இருக்கலாம். வயிற்றுக்குள் போகவில்லை. நெதர்லாந்தில் ஐந்து முதியோர் இல்லங்களில் 178 பேரிடம் ஆறு மாதம் ஓர் ஆய்வு செய்து 2006-இல் வெளியிட்டார்கள். சிலருக்கு வழக்கமான தட்டுச் சாப்பாடு. சிலருக்கு வீட்டில் போல மேசையில் பாத்திரத்தை வைத்து, அவர்களே எடுத்துப் போட்டுக்கொள்ளும் சாப்பாடு. மேசையில் சாப்பிட்டவர்களின் உடல் எடையும், உடல் திறனும், வாழ்க்கைத் தரமும் சரியாமல் நின்றன. தட்டுக்காரர்களுக்குச் சரிந்தன.

பேச்சுத் துணையை ஏதோ பொழுதுபோக்குக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை 2010-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, உறவும் நட்பும் வலுவாக இருந்தவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. மறதி நோய் குறித்து லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-இல் 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவை அனைத்தையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் ஏற்படும் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று மதிப்பிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை எல்லாம் அதில் உண்டு. உடல் அசைவின்மை, தனிமை, மனச்சோர்வு, காது கேளாமை, பார்வைக் குறைவு ஆகியவையும் உண்டு. கடைசியில் சொன்ன ஐந்தில் முதல் மூன்றையும் உங்கள் சுற்றறிக்கை ஒரே பக்கத்தில் எங்களுக்குக் கொடுத்துவிட்டது. காது, கண் விஷயத்தில் சுற்றறிக்கைக்கு முன்பே இங்கே அக்கறை இருந்ததில்லை. எங்கள் மாடியில் மூன்று பேருடைய காது கேட்கும் கருவி, பேட்டரி தீர்ந்து மேசை டிராயரில் கிடக்கிறது. மாற்றிப் போட விரல் வளையவில்லை, கேட்டால் தொந்தரவு என்று நினைப்பார்களோ என்று கேட்கவும் இல்லை. ஒரு ஊழியருக்கு வாரத்தில் கால் மணி நேர வேலை இது.

ஊழியர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. இரவில் ஒரு மாடிக்கு ஒருவர்தான் இருக்கிறார். அவர் எத்தனை பேரைப் பார்ப்பார்? அவர்கள் எங்களிடம் அன்பாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த அன்புக்கு ஒரு மொழி வந்து சேர்ந்திருக்கிறது. "நல்ல பிள்ளையா சாப்பிட்டுட்டுப் படுத்துக்குவீங்களாம்." "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைக் கேட்கிறோம் என்று நீங்கள் ஒரு நாள் இங்கே இருந்து எண்ணிப் பாருங்கள். பெக்கா லெவி என்ற ஆய்வாளர், அமெரிக்காவில் ஒரு சிற்றூரில் ஐம்பது வயதைத் தாண்டிய 660 பேரின் பதிவுகளைப் பல வருடங்களுக்குப் பின் எடுத்துப் பார்த்தார். தங்கள் முதுமையைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள், அப்படி நினைக்காதவர்களைவிட சராசரியாக ஏழரை வருடம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். எண்ணம்தான் ஆயுளைக் கொடுத்தது என்று இதை வைத்து யாரும் நிரூபித்துவிட முடியாது. ஆனாலும், முடியாது முடியாது என்று ஒருவரிடம் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் கை நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வதை 34 வருடம் பார்த்தவள் நான். பயந்தவர் குறுகலாக அடி வைப்பார், தரையையே பார்ப்பார், உடம்பை விறைத்துக்கொள்வார். அப்படி நடப்பவர்தான் விழுவார்.

மேலாளர் என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான். "நாளைக்கு யாராவது விழுந்தா யாரும்மா பொறுப்பு?" நியாயமான கேள்வி. குடும்பத்தார் சண்டைக்கு வருவார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது, சிலர் வந்தும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் உலகம் முழுக்க இந்தப் பயத்தில்தான் முதியவர்களைக் கட்டிலோடும் நாற்காலியோடும் பட்டை போட்டுக் கட்டி வைத்தார்கள். நான் வேலை பார்த்த வார்டுகளிலும் கட்டியிருக்கிறோம். அமெரிக்காவில் 1987-இல் வந்த சட்டம், சிகிச்சைக்குத் தேவையில்லாமல் கட்டப்படாமல் இருப்பது முதியோர் இல்லத்தில் வாழ்பவரின் உரிமை என்று சொன்னது. பட்டைகளை அவிழ்த்த பிறகுதான், அவை யாரையும் காப்பாற்றவில்லை, புண்ணும் வலுவிழப்பும்தான் கொடுத்தன என்பது எல்லோருக்கும் தெளிவானது. நடக்கக் கூடியவரை வீல்சேரில் உட்கார வைப்பதையும் நான் அந்தப் பட்டையோடுதான் சேர்க்கிறேன். கடுமையான வார்த்தை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பொறுப்புக்கு என் பதில் இதோடு இணைத்திருக்கும் தாளில் இருக்கிறது. இங்கே இருக்கும் 31 பேரில் 17 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நடக்கவும், படி ஏறவும், எங்கள் வேலையை நாங்கள் செய்யவும் விரும்புகிறோம். அதில் உள்ள ஆபத்தை அறிந்தே விரும்புகிறோம் என்று எழுதியிருக்கிறோம். மணிக்கட்டு உடைந்த இரண்டாம் மாடி அக்காவின் கையெழுத்து நான்காவதாக இருக்கிறது. கட்டு பிரித்த கை என்பதால் கொஞ்சம் கோணலாக இருக்கும்.

நாங்கள் கேட்பது இவை. மாடிப்படியின் பூட்டைத் திறக்க வேண்டும். அதற்கு முன், எரியாத விளக்கை மாற்றி, கைப்பிடியைக் கடைசிப் படிக்கு அப்பால் ஓர் அடிவரை நீட்டி, படி விளிம்புகளில் பளிச்சென்ற நிறத்தில் பட்டை ஒட்ட வேண்டும். யாருக்குப் படி ஆபத்து, யாருக்கு இல்லை என்பதை வயதை வைத்து முடிவு செய்யாமல், ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சோதித்து முடிவு செய்ய வேண்டும். தகுதியுள்ள பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வந்து சோதிக்கட்டும். அவர் வரும்வரை என் நோட்டைத் தருகிறேன். வாரத்தில் மூன்று நாள் கூடத்தில் பலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி வேண்டும். நாற்காலிகள் இருக்கின்றன, சுவர் இருக்கிறது, நான் இருக்கிறேன். உங்களிடமிருந்து அனுமதியும், பக்கத்தில் நிற்க ஓர் உதவியாளரும் போதும். எல்லோருடைய மாத்திரைகளையும், குறிப்பாகத் தூக்க மாத்திரைகளை, மருத்துவர் ஒருவர் ஒரு தடவை உட்கார்ந்து பரிசீலிக்க வேண்டும். அப்படிச் செய்யும்வரை யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம் என்று நானும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சாப்பாட்டு அறையைத் திறக்க வேண்டும். உடம்புக்கு முடியாதவருக்கு மட்டும் தட்டு அறைக்கு வரட்டும். காது கேட்கும் கருவிகளின் பேட்டரியையும் கண்ணாடிகளையும் வாரம் ஒருநாள் யாராவது ஒருவர் பார்க்க வேண்டும். விழுந்தவர் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம் சேருங்கள்: மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார எத்தனை வினாடி. இனி எங்களைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டங்களில் எங்களில் இருவர் உட்கார வேண்டும்.

தோட்டத்து வேலைக்கு மட்டும் கூட்டம்வரை காத்திருக்க வேண்டாம் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். ரப்பர் குழாயை நாளைக் காலையே சுருட்டி வைத்துவிடச் சொல்லுங்கள். எதிர் அறை அண்ணனிடம் நீங்களே நேரில் வந்து, தொட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் அது ஆறுதலாகத்தான் இருக்கும். நீங்கள் சொன்னால் அவர் நம்புவார்.

குழு வரும் 24-ஆம் தேதி கூடுகிறது என்று அறிகிறேன். எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். நோட்டையும் கையெழுத்துத் தாளையும் கொண்டுவருகிறேன். 25-ஆம் தேதி காலை ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் நடக்கக் கூடியவர்கள் எல்லோரும் கம்பிக் கதவுக்கு முன்னால் வந்து நிற்போம். சாவியோடு யாராவது ஒருவரை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
14-ஆம் எண் அறை, முதல் மாடி